அப்பாவின் வலது கை திரும்ப வருமா? பாரிசவாதத்துக்குப் பின் செய்யும் பயிற்சி பற்றி

விசுவமடு மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. காலபோகம் விதைத்து முடித்த கையோடு பாரிசவாதம் வந்துவிட்டது. மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்திருப்பதாக ஸ்கான் பார்த்துச் சொன்னார்கள். வலது கையும் காலும் இழுத்துவிட்டன. கடவுள் புண்ணியத்தில் பேச்சுத் தப்பியது. இப்போது மூன்று மாதம் நெருங்குகிறது. இடது கையில் பொல்லை ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். வலது கை மட்டும் நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடக்கின்றன. கையை மேசையில் வைத்துப் பொறுமையாக முயன்றால் மணிக்கட்டு கொஞ்சம் நிமிர்கிறது, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சற்றுத் திறக்கின்றன. அவ்வளவுதான்.

வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உழைத்துக் களைத்த மனிதர், இனியாவது ஓய்வாக இருக்கட்டும் என்று அம்மா சோறு குழைத்து ஊட்டுகிறார், சட்டையும் போட்டுவிடுகிறார். மூன்று மாதத்துக்குள் வராதது இனி வராது என்கிறார் மாமி. பெரியப்பா தாழ்வார வளையில் கப்பியும் கயிறும் கட்டி, இடது கையால் இழுத்து வலது கையை மேலே தூக்கச் சொல்கிறார். வைத்தியசாலையில் தந்த பயிற்சித் தாளில் பாதிப் படங்கள் விளங்கவில்லை. பிசியோதெரபிக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

எனக்கு விளங்காதது இதுதான். வருத்தம் கையிலா, மூளையிலா? மூளையில் என்றால் கையை ஆட்டி என்ன பயன்?

கனகராயன் ஆறு:

பிள்ளை, வருத்தம் மூளையில்தான். கையை ஆட்டுவதால் பயன் உண்டு. ஆனால் அந்தக் கையை ஆட்டுவது யார் என்பதைப் பொறுத்துத்தான் பயனும்.

நான் வன்னியில் நெடுங்காலம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்தவன். நீங்கள் கேட்டதை எத்தனையோ குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்பாவின் கையில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் இடம் பெருமூளையின் மேற்பட்டையில், நெற்றிப் பகுதியின் பின்கரையில், உச்சியிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டை போல இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மறுபக்கம் மாறுகின்றன. இடது மூளை அடைபட்டால் வலது கை விழுவது அதனால்தான். 1937இல் மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய சகாவும் இந்தப் பட்டையில் எந்த இடத்தை மின்சாரத்தால் தொட்டால் எந்த உறுப்பு அசைகிறது என்று குறித்து வெளியிட்டார்கள். கைக்கும் முகத்துக்கும் மிகப் பெரிய இடம் இருந்தது. முழு முதுகுக்கும் கிடைத்தது சிறு துண்டுதான். கால் முன்னே வர, கை பிந்துவது இப்படிப்பட்ட காரணங்களால்தான். நடப்பதற்கு வேறு பாதைகளும் முள்ளந்தண்டு வடமும் தோள் கொடுக்கும். ஒரு கச்சான் கோதை இரண்டு விரலால் உடைப்பதற்கு அந்த மேற்பட்டையை விட்டால் வேறு கதியில்லை.

இறந்த மூளைக்கலம் உயிர்க்காது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் செத்த இடத்தைச் சுற்றி உயிரோடு இருக்கும் கலங்கள் விட்டுப்போன வேலையில் ஒரு பங்கைப் பழகிக்கொள்ளும். கேட்டு வேலை வாங்கினால் மட்டுமே பழகும். 1996இல் ராண்டொல்ஃப் நூடோ என்பவரின் குழு குரங்குகளில் இதைக் காட்டியது. கைக்குரிய மூளைப் பகுதியில் சிறிய அடைப்பை உண்டாக்கி, சில குரங்குகளைச் சிறு குழிகளிலிருந்து உணவை விரலால் எடுக்கப் பழக்கினார்கள். பழக்கிய குரங்குகளில் தப்பிய கைப்பகுதி அப்படியே நின்றது. சிலவற்றில் முழங்கை, தோள் என்பவற்றின் இடத்துக்குள்ளும் பரவியது. இதற்கு முந்திய ஆய்வில் பழக்காமல் சும்மா விடப்பட்ட குரங்குகளில் அடைப்புப் படாத கைப்பகுதியும் சுருங்கிப் போயிருந்தது. அப்பா வயல்காரர், அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: விதைக்காமல் விட்ட வயலின் வரம்பைப் பக்கத்து வயல்காரன் ஒவ்வொரு போகமும் ஒரு சாண் தள்ளி வெட்டுவான்.

அம்மாவின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் ஊட்டும் ஒவ்வொரு கவளமும் அந்தக் கை செய்திருக்க வேண்டிய ஒரு முயற்சி. எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் வாழ்நாள் முழுவதும் படித்தார். நோயின் தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்ற கையை மூளை கைவிடப் பழகிக்கொள்கிறது. பிறகு கையில் கொஞ்சம் பலம் திரும்பினாலும் பழகிய கைவிடல் அப்படியே தொடர்கிறது. அதை முறிக்க அவர் நல்ல கைக்கு உறை மாட்டி, மெலிந்த கையைப் பகல் முழுதும் வேலை செய்ய வைத்தார். 2006இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரில் இதைச் சோதித்தார்கள். இரண்டு வாரம் அப்படிப் பழகியவர்களின் கை வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. அந்தப் பயன் ஒரு வருடம் கழித்தும் இருந்தது. மாமியிடம் அந்த மாதக் கணக்கைச் சொல்லுங்கள்.

இந்த முறை எல்லோருக்கும் சரிவராது. மணிக்கட்டையும் விரலையும் சிறிதளவாவது தானாக நிமிர்த்தக் கூடியவர்களுக்கே பொருந்தும். உங்கள் அப்பா அந்த எல்லைக்குள் வருவார் போல் தெரிகிறது. ஆனால் இடது கையில் பொல்லுப் பிடிக்கிறவர். நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்தக் கையை ஒருபோதும் கட்டக்கூடாது. கதிரையில் இருக்கும்போது மட்டும், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும்.

கப்பியை இன்றே கழற்றுங்கள். தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும்போது கையைத் தலைக்கு மேலே இழுத்தால் தோள் மூட்டு நசியும். பிறகு வரும் வலியால் உள்ள பயிற்சியும் நின்றுவிடும். இதை ஊர் ஊராகப் பார்த்துவிட்டேன். எழுப்பும்போது அந்தக் கையையோ கக்கத்தையோ பிடித்து இழுக்கவும் வேண்டாம். இருக்கும்போது கைக்குக் கீழே ஒரு தலையணை வையுங்கள்.

முள்ளியவளையான்:

ஐயா சொல்வதெல்லாம் சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பரம்பரை வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி, கட்டுக் கட்டி எழுப்பிய ஆட்கள் இருக்கிறார்கள். என் சித்தப்பாவே சாட்சி, இப்போது சைக்கிள் ஓடுகிறார். ஆங்கில வைத்தியம் படித்தவர்கள் இதை மட்டம் தட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. கையை மூளைதான் ஆட்டுகிறது என்றால், தொடும்போது மூளைக்கு ஒன்றும் போகாதா?

கனகராயன் ஆறு:

நல்ல கேள்வி தம்பி. போகும். தொடுகை, மூட்டின் அசைவு எல்லாம் மூளைக்குச் செய்தியாகப் போகின்றன. அந்தச் செய்தி இல்லாவிட்டால் அசைவே கெட்டுவிடும். 1971இல் இயன் வாட்டர்மன் என்ற இங்கிலாந்து இளைஞருக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே தொடுகையும் உடல் நிலை பற்றிய உணர்வும் போய்விட்டன. தசைகளில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அவரால் எழுந்து இருக்கக்கூட முடியவில்லை. பிறகு ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துப் பழகினார்.

ஆகவே எண்ணெய் தேய்ப்பது தோலுக்கும் மனதுக்கும் நல்லதுதான். அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது. மற்றவர் உருவும்போது மூளை வாங்குகிறது. தானே நீட்டும்போது அது கட்டளை கொடுக்கிறது, பிழைத்ததைப் பார்க்கிறது, அடுத்த முறை திருத்துகிறது. உங்கள் சித்தப்பா எழும்பியதில் அவர் தினமும் தானாக எழுந்து நடந்த பங்கு எவ்வளவு என்று விசாரித்துப் பாருங்கள். மூன்று எச்சரிக்கை: சூடு தெரியாத கையில் கொதி ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் போட்டவர்களைக் கண்டிருக்கிறேன். முறித்து நிமிர்த்தும் உருவலும் வேண்டாம். பிரஷர் குளிசையை நிறுத்தச் சொல்லும் வைத்தியர் யாராக இருந்தாலும் அந்தப் படலையைத் தாண்டாதீர்கள்.

வட்டுவாகல்:

இந்த இழையில் நானும் எழுத வேண்டும். 2009இல் எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் காலோடு கடற்கரை மணலில்கூட நடப்பேன். ஆனால் இல்லாத காலின் பெருவிரல் இன்னும் வலிக்கும். யாரோ அதைப் பிடித்துப் பின்பக்கம் வளைப்பது போல இருக்கும். மழை இருட்டும் நாட்களில் இரவு முழுதும் உட்கார்ந்திருப்பேன். தொடக்கத்தில் இதைச் சொன்னபோது எனக்குத் தலை பிழைத்துவிட்டது என்று பேசினார்கள். அதனால் பல வருடம் வெளியே சொல்லவில்லை. இதைப் படிக்கும் எத்தனையோ பேருக்கு வன்னியில் இதே வலி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது பைத்தியம் இல்லை என்று எழுதுவதற்காகத்தான் வந்தேன்.

கால் போனாலும் மூளையில் காலுக்கான இடம் போகவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பார்த்த வைத்தியர் சைலஸ் வேர் மிச்சல் இதைப் பற்றி 1871லேயே எழுதிவிட்டார். நம்முடைய வி. எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் ஆய்வாளர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், 1990களில் ஒரு கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டார். எனக்கு அதை ஒரு பிசியோதெரபி அக்கா காட்டித் தந்தார். பழைய அலுமாரிக் கதவின் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு தொடைக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலின் பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் இரண்டாவது கால் இருந்தது. நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்தபோது, கண்ணாடியில் இருந்த காலும் விரல்களை விரித்தது. பல வருடமாக மடங்கிக் கிடந்த அந்தப் பெருவிரல் நிமிர்ந்ததை நான் உணர்ந்தேன். அன்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

வலி முழுதாகப் போகவில்லை. விட்டுவிட்டால் திரும்ப வருகிறது. தினமும் காலையில் கால் மணி நேரம் இருக்கிறேன்.

கனகராயன் ஆறு:

தம்பி, நீங்கள் எழுதியது நூறு வகுப்புக்குச் சமம். 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையில் காலிழந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணி மூடிய கண்ணாடி, மற்றக் குழுவுக்குக் கண்மூடிக் கற்பனை. நாள்தோறும் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடிக் குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது. சேர்ந்தவர்கள் 22 பேர்தான், சிறிய ஆய்வு. இருந்தாலும் ஒரு கண்ணாடிக்கு ஆகும் செலவில் முயன்று பார்க்கத் தக்கது. சிலருக்கு முதல் நாள் தலைசுற்றும், மனம் குழம்பும். பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

விசுவமடு மகளுக்கு: பாரிசவாதத்துக்கும் கண்ணாடி உதவும். வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, இடது கையைப் பார்த்தபடி இரண்டையும் சேர்த்துத் திறக்க முயலட்டும். முயல வேண்டும், பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் போதாது.

டொரொன்டோ மாமா:

பிள்ளை, அப்பாவுக்கு விரல்களைத் தானாகத் திறந்து மூடும் மோட்டார் கையுறை ஒன்று இணையத்தில் பார்த்தேன். வாங்கி அனுப்பவா? ஒரு ரப்பர் பந்தும் அனுப்புகிறேன், அழுத்திப் பழகட்டும்.

கனகராயன் ஆறு:

ஐயா, உங்கள் மனம் பெரியது. ஆனால் அப்பாவின் கை மூடுவதற்குப் பந்து தேவையில்லை. அது ஏற்கெனவே மூடித்தான் கிடக்கிறது. மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு விட்டுப்போனதால் மடக்கும் தசைகள் இறுகியிருக்கின்றன. வர வேண்டியது திறப்பு. மோட்டார் திறந்துவிடும்போது அப்பா வேறு யோசனையில் இருக்கலாம், மூளைக்கு அதில் வேலையில்லை. அவர் திறக்க முயலும்போது மட்டும் உதவும் கருவிகளும் உண்டு. அவை வேறு, விலையும் வேறு.

அந்தக் காசைப் பஸ்ஸுக்கும் வாடகை ஓட்டோவுக்கும் கொடுங்கள். மாதத்தில் ஒரு நாள் வருகிறவர் இரண்டு நாள் வந்தால் இன்னும் நல்லது. இங்கே பெரிய குறை தூரம். காட்டோர ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வரிசையில் நின்று, கால் மணி நேரம் சிகிச்சை பெற்று, கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்ற பயத்தோடு ஓடுகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் வராமல் விட்டால் அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம்.

அமெரிக்காவில்கூட ஒரு சிகிச்சை அமர்வில் மெலிந்த கையால் செய்யப்படும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான் என்று 2009இல் எண்ணிப் பார்த்தார்கள். விலங்குகளில் மூளை மாறியது நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவைகளில். ஆகவே எந்த நாட்டிலும் கணக்கு வீட்டில்தான் நிரம்பும். வெறுமனே கையை ஆட்டச் சொன்னால் அப்பா இரண்டு நாளில் வெறுத்துவிடுவார். சுளகில் கச்சானைக் கொட்டிக் கொடுங்கள். ஒவ்வொன்றாக வலது கையால் எடுத்துக் கிண்ணத்தில் போடட்டும். முதலில் புளியங்கொட்டை வேண்டாம், வழுக்கும். கிண்ணத்தை இன்றைக்கு அருகில் வையுங்கள். அது சுலபமானதும் அரை முழம் தள்ளி வையுங்கள். எடுத்தது விழுந்தால் நீங்கள் பொறுக்கிக் கொடுக்காதீர்கள். உடல் முன்னே சாய்ந்தோ தோளை உயர்த்தியோ கை போனால், கிண்ணம் தூரம் என்று அர்த்தம்.

தாதியம்மா, ஓய்வு:

ஒரு சொல் சேர்க்கிறேன். பாரிசவாதம் வந்த அன்றே ஆளை எழுப்பி நடத்துகிறவர்களையும் வார்டில் பார்த்திருக்கிறேன். 2015இல் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் செய்த ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி அடிக்கடியும் நீண்ட நேரமும் எழுப்பி நடத்தியவர்களின் நிலை வழக்கமான கவனிப்பை விடக் குறைவாகவே இருந்தது. முதல் நாட்களில் எவ்வளவு என்பதை வைத்தியசாலையில் சொல்லட்டும். இன்னொன்று, வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டியது. எங்கள் தூரத்துக்கு அது மிகக் குறுகிய நேரம்.

பூநகரி அம்மா:

எல்லாம் வாசித்தேன். என் மகனுக்கு முதுகில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறான். மூளை பழகிக்கொள்ளும் என்றால் அவனுக்கும் பழகாதா? பயிற்சி செய்யாததால்தான் நடக்கவில்லை என்று ஊரில் ஒருவர் அவன் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றிலிருந்து அவன் வெளியே வரவில்லை.

கனகராயன் ஆறு:

அம்மா, அந்த மனிதர் சொன்னது பொய். மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பாரிசவாதத்தில் கட்டளை கொடுக்கும் இடம் அடிபடுகிறது. மகனுக்கு மூளை முழுதாக இருக்கிறது. கட்டளை இறங்கும் முள்ளந்தண்டு வடம் அடிபட்டிருக்கிறது. வடம் முழுதாக அறுந்தால், எத்தனை ஆயிரம் தடவை முயன்றாலும் இன்றைய பயிற்சி எதுவும் அதை ஒட்டாது. கொஞ்சம் இழை தப்பியிருந்தால் கதை வேறு. எது என்பதை ஆசனவாய்ப் பகுதியில் உணர்வும் இறுக்கமும் இருக்கிறதா என்று பார்த்து வைத்தியர் சொல்வார். பல வருடமாகிவிட்டதால் அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், கேளுங்கள்.

அவர் செய்ய வேண்டிய பயிற்சி தோளுக்கும் கைக்கும். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதற்கு அதுதான் பலம். படுக்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பிப் படுக்க வேண்டும், நாற்காலியில் அதைவிட அடிக்கடி பிட்டத்தை உயர்த்த வேண்டும். பிட்டத்தையும் குதிக்காலையும் தினமும் கண்ணாடி பிடித்துப் பாருங்கள், சிவப்பு மாறாமல் நின்றால் அந்தப் பக்கம் படுக்கவே கூடாது. படுக்கைப் புண் ஆளைக் கொல்லும். வட்டுவாகல் தம்பி, முடிந்தால் நீங்கள் ஒரு தடவை போய் அவரோடு பேசுங்கள்.

வட்டுவாகல்:

போகிறேன் ஐயா. அம்மா, தனிச்செய்தியில் தொடர்புகொள்ளுங்கள்.

மல்லாவி வாத்தியார்:

எங்கள் அம்மாவுக்கு பார்க்கின்சன். வாசல் நிலையில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார். ஆனால் படியைக் கண்டால் ஏறிவிடுகிறார். இது என்ன?

கனகராயன் ஆறு:

அவருக்கு மூளையின் அடியில் உள்ள வேறு பகுதியில், டோபமைன் குறைவதால் வரும் நோய். அசைவைத் தானாகத் தொடக்கிவிடும் அந்தப் பகுதி தடுமாறினாலும், கண்ணால் கண்டதை வைத்து அடி எடுக்கும் வழி ஓரளவு தப்பியிருக்கும். வாசலில் ஓர் அடிக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்பால் குறுக்கே போடுங்கள், ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். நிற்கும்போது பின்னால் தள்ளவோ, சீக்கிரம் என்று சொல்லவோ வேண்டாம்.

விசுவமடு மகள்:

எல்லோருக்கும் நன்றி. கப்பியைக் கழற்றிவிட்டோம், பெரியப்பாவுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அம்மா ஊட்டுவதை முழுதாக நிறுத்தவில்லை. காலைப் பிட்டை மட்டும் அப்பா கரண்டியால் வலது கையில் சாப்பிடுகிறார், பாதி மடியில். கச்சான் வேலை பிடித்திருக்கிறது, பேரப்பிள்ளைகள் எதிரில் இருந்து உடைத்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் திடீர் திடீரென்று அழுகிறார். நேற்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தார், சிறுபோகத்துக்கு இறங்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்வது?

கனகராயன் ஆறு:

காரணமில்லாமல் அழுகை பொங்குவது மூளைக் காயத்தாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். இரண்டுக்கும் மருந்து உண்டு. கிளினிக்கில் அவர் சொல்ல வெட்கப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

லாண்ட்மாஸ்டருக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி வைத்து, கதிரையைப் போட்டு, வலது பிடியைப் பிடிக்கவும் விடவும் பழகட்டும். விரல் விட்டு வருவதுதான் அவருக்குக் கடினம், அதையே அதிகம் செய்யட்டும். கிளினிக்கில் பார்வைப் பரப்பையும் வலிப்பு வரும் சாத்தியத்தையும் பார்த்துச் சரியென்று சொல்லும் வரை இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டாம். சிறுபோகத்துக்கு வரம்பில் இருந்து தண்ணீர் பார்க்கிற வேலையைக் கொடுங்கள், பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பயிற்சித் தாளையும், அவர் செய்ததை எழுதிய ஒரு கொப்பியையும் கொண்டுபோங்கள். விளங்காத படங்களுக்கு வட்டம் போட்டு வையுங்கள், அங்கேயே செய்து காட்டச் சொல்லி உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.